வெறும் பஞ்சு

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் அத்தானை வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தவர்கள் இந்த வாரம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அந்த மனுஷர் மேல் கோபம்தான். நான்காவது தடவையாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பத் தயாராக இருக்கிறவளைப் பார்த்து, "எதுக்கு இன்னொரு தடவை உடம்பைப் புண்ணாக்கிக்கறே?" என்று கேட்பாரா ஒருத்தர்? கேட்டார். அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கேட்டது தப்பா, கேட்ட நேரம் தப்பா என்று தங்கைக்கு இன்னும் பிடிபடவில்லை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அக்காவுக்கு வயது நாற்பத்து மூன்று. அச்சகம் ஒன்றில் பிழை திருத்துகிறாள். அத்தான் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணமாகிப் பதினாறு வருஷம் ஆயிற்று, வீட்டில் மூன்றாவது ஆள் இல்லை. அக்காவைவிட ஒன்பது வயது சின்னவளான தங்கை, குழந்தைப்பேறு ஆஸ்பத்திரி ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். முட்டையைத் தேடி எடுப்பதும் கருவாக்கி வளர்ப்பதும் அவள் தொழில். ஊரில் எத்தனையோ பேர் கையில் பிள்ளையைக் கொடுத்த அந்தக் கை, சொந்த அக்காவுக்கு மட்டும் இன்னும் கொடுக்கவில்லை.

மூன்று தடவை முயன்றாயிற்று. மூன்றும் கைகூடவில்லை. "இதுதான் கடைசி. இதுக்கு மேல உங்க முட்டையை வச்சு நான் முயற்சி பண்ண மாட்டேன்," என்று தலைமை டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். வேறொருத்தி முட்டை வேண்டவே வேண்டாம் என்று அக்காவும் தீர்மானமாக இருக்கிறாள். ஆக, இன்றைக்கு விட்டால் அவ்வளவுதான்.

காலை ஏழு மணிக்கு டாக்டரம்மா முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். தங்கை பக்கத்துக் குழாயில் நின்றாள்.

"லேப்ல உன் கூட்டாளிக்குக் காய்ச்சலாம். போன் வந்துச்சு," என்றார் டாக்டரம்மா.

"தெரியும் மேடம்."

"சொந்தக்காரங்களை நாமே தொடக் கூடாதுன்னு இங்க ஒரு சட்டம் வச்சிருக்கோம். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு மேடம். ஆனா நாள் தள்ளிப்போட முடியாதே."

"முடியாதுதான். கை நடுங்குமா?"

"நடுங்காது."

கை நடுங்கவில்லை என்பதை நான் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாவம், கை கடைசிவரை ஒழுங்காகத்தான் இருந்தது. காலை வாரியது வேறு ஒன்று.

ஆபரேஷன் தியேட்டரில் அக்கா மேஜைமீது படுத்திருந்தாள். கையெழுத்துப் போட்ட படிவத்தை இன்னும் நர்ஸிடம் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

"பொடிசு, இங்க வா," என்றாள். தங்கைக்கு முப்பத்து நாலு வயதாகியும் அக்கா வாயில் அவள் பொடிசுதான். "இதைப் பாரு. 'சேகரிப்பு'ல ஒரு புள்ளி இல்ல. சேகரிபபுன்னு நிக்குது. நாலாவது தடவையா சொல்றேன், மாத்தவே மாட்டேங்கறீங்க."

"இப்போ இது ரொம்ப முக்கியமாக்கா?"

"புள்ளி வைக்கறதுக்கே இவ்வளவு சோம்பேறித்தனம் இருந்தா, உள்ளே என்ன வைப்பீங்கன்னு பயமா இருக்காதா?" என்று சிரித்தாள். சிரிப்புக்குள் பயம் இருந்தது. அக்காவின் கால் விரல்கள் போர்வைக்கு வெளியே ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்ததைத் தங்கை பார்த்தாள். போர்வையை இழுத்துவிட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

தியேட்டருக்கும் சோதனைக்கூடத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. டாக்டரம்மா ஊசியால் ஒவ்வொரு முட்டைப் பையாக உறிஞ்ச, வருகிற நீரைக் குழாயோடு நர்ஸ் ஜன்னல் வழியாக நீட்டுவாள். தங்கை அதைத் தட்டில் கொட்டி நுண்நோக்கியில் தேடுவாள். கிடைத்ததும் ஜன்னல் வழியாகக் குரல் கொடுக்க வேண்டும். "ஒண்ணு," "ரெண்டு," என்று எண் மட்டும்தான். நர்ஸ் பலகையில் எழுதுவாள். இதுதான் அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம். முழு மயக்கம் அக்காவுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் லேசாகத்தான் மயக்கியிருந்தார்கள். குரல் காதில் விழும்.

இந்த இடத்தில் பஞ்சைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முட்டை தனியாக வராது. ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டிச் செல்கள் அதைச் சுற்றி அப்பிக்கொண்டு வரும். பார்க்கப் பிய்த்த பஞ்சு மாதிரி இருக்கும், அதனால் சோதனைக்கூடத்தில் அதன் பெயரே பஞ்சுதான். சர்க்கரையைத் தானாக உடைத்துச் சாப்பிட முட்டைக்குச் சாமர்த்தியம் போதாது. பஞ்சுதான் உடைத்து, மயிரிழையைவிட மெல்லிய கைகளை நீட்டி அதற்கு ஊட்டும். பழுக்கும் நேரம் வந்ததென்று சேதி சொல்வதும் பஞ்சுதான்.

"என் முட்டைக்கு வயசாயிடுச்சாடி?" என்று அக்கா ஒருநாள் கேட்டிருந்தாள்.

"முட்டைக்கு மட்டும் இல்லக்கா. சுத்தி நிக்கறதுக்கும் வயசாகுது. எண்ணிக்கை குறையுது, தெம்பு குறையுது, நீட்டற கையும் சுருங்கிடுது. ஊட்டறதுக்கே ஆள் இல்லாம உள்ளே இருக்கறது வாடிப்போகுது."

"நம்ம வீடு மாதிரின்னு சொல்லு. சுத்தி நிக்கற எல்லாருக்கும் முட்டி வலி," என்று அக்கா அன்றைக்கும் சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் முட்டையை விசாரிப்பதற்கு முன்னால் பஞ்சைத்தான் விசாரித்தாள்.

முதல் குழாய் வந்தது. தங்கை கொட்டிப் பார்த்தாள். பஞ்சு கொஞ்சமே கொஞ்சம், அதுவும் இறுகிக் கட்டி தட்டி, அங்கங்கே கறுத்திருந்தது. நடுவில் முட்டை மங்கலாகத் தெரிந்தது.

"ஒண்ணு."

இரண்டாவதும் அதே லட்சணம்தான். பஞ்சு விரியவே இல்லை, முட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ரெண்டு."

இந்த மாதிரி இரண்டைத்தான் போன தடவையும் தங்கை, கூட்டாளியின் நுண்நோக்கியில் எட்டிப் பார்த்தாள். போன தடவை என்ன ஆனதென்பதும் தெரியும்.

மூன்றாவது குழாயைக் கொட்டினாள். கொட்டியதுமே தெரிந்துவிட்டது. தட்டின் ஓரத்தில் பெரிதாக, வெளுப்பாக, விரிந்து பரந்த பஞ்சு. கறுப்பு என்ற பேச்சே இல்லை. இருபத்தைந்து வயதுக்காரிகளிடம்தான் இப்படி ஒன்றைப் பார்த்திருக்கிறாள். அக்கா உடம்பிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று யாராவது சத்தியம் செய்திருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

"மூணு!"

கூப்பிடவில்லை, கத்தினாள். நர்ஸ் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். மேஜைமீது அக்காவின் உதடு அசைந்தது. "மூணா?" என்று குழறினாள்.

"மூணும்மா, மூணு," என்றார் டாக்டரம்மா.

நான்காவது பையில் நீர்தான் வந்தது. எட்டரை மணிக்கு எல்லாம் முடிந்து, அக்காவைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். பலகையில் நர்ஸ் மூன்று என்று எழுதி அடியில் கோடு போட்டாள்.

அந்த மூன்றாவது பஞ்சின் நடுவில் தங்கை முட்டையைப் பார்த்தாளா? பார்த்த மாதிரி இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், முட்டையைக் கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்காதே என்பதுதான். ஒன்பது வருஷமும் திறந்ததில்லை. இன்று திறந்துவிட்டாள்.

பத்தரை மணிக்கு அடுத்த வேலை. பஞ்சை நீக்க வேண்டும். நீக்கினால்தான் முட்டை பழுத்திருக்கிறதா என்று தெரியும். பழுத்திருந்தால்தான் அத்தானின் விந்தணுவை ஊசியால் உள்ளே செலுத்தலாம். மருந்துத் துளியில் ஒரு நிமிஷம் வைத்து, நூல் மாதிரியான கண்ணாடிக் குழாயால் உறிஞ்சி உறிஞ்சி விட்டால் பஞ்சு கழன்றுவிடும்.

ஒன்றாவதைத் துளியில் விட்டாள். பஞ்சு கழன்றது. உள்ளே முட்டையின் ஓடு கீறியிருந்தது. உள்ளிருந்ததெல்லாம் கறுத்துச் சுருங்கி ஒரு பக்கமாகக் கிடந்தது. முடிந்தது கதை.

இரண்டாவதில் பஞ்சு லேசில் விடவில்லை. முட்டை முழுசாக இருந்தது, ஆனால் பழுக்கவில்லை. பச்சைக் காய். அதில் ஊசி போட்டுப் பிரயோஜனமில்லை.

பரவாயில்லை என்று தங்கை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மூன்றாவது இருக்கிறதே. கடைசிக்கு வைத்திருந்த பலகாரத்தை எடுப்பதுபோல அதை எடுத்துத் துளியில் விட்டாள்.

பஞ்சு பிரிந்தது. பிரிந்துகொண்டே போனது. கடைசித் துணுக்கும் கழன்று மிதந்தது. நடுவில் ஒன்றுமில்லை.

குழாயில் ஒட்டியிருக்குமோ என்று ஊதிப் பார்த்தாள். தட்டின் ஓரங்களை, காலையில் கொட்டிய தட்டை, வைத்திருந்த மிச்ச நீரை எல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். நாற்பது நிமிஷம் தேடினாள். முட்டைப் பையின் சுவரிலிருந்து பிய்ந்து வந்த வெறும் பஞ்சு அது. அதற்குள் முட்டை எப்போதுமே இருந்ததில்லை.

டாக்டரம்மா வந்து குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"ஒன்பது வருஷத்துல எத்தனை தடவை தப்பாக் கூப்பிட்டிருக்கே?"

"இதுதான் முதல் தடவை மேடம்."

"இதுக்குத்தான் அந்தச் சட்டம்."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. தங்கைக்கு முகமூடிக்குள் மூக்கு ஒழுகியது, துடைக்கவும் முடியவில்லை.

"மேடம், ரெண்டாவதை நாளைக்குக் காலை வரைக்கும் வச்சுப் பாக்கட்டுமா? பழுத்தாலும் பழுக்கும்."

"வச்சுப் பாரு. நம்பாதே. இந்த வயசுல, சுத்தி ஒண்ணும் இல்லாம, தட்டுல தானாப் பழுத்து, அதுவும் ஒழுங்காப் பழுத்து... உனக்கே தெரியும்."

"மூணாவதோட பஞ்சை அதுக்குப் பக்கத்துல விட்டுப் பாக்கலாமா? சில இடத்துல செஞ்சு பாத்திருக்காங்களே. நல்லா விரிஞ்ச பஞ்சு மேடம்."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார். "எவ்வளவு விரிஞ்சாலும் அதுக்கும் நாப்பத்து மூணு வயசுதாம்மா. அதோட, முட்டையை இன்னும் குழப்பி வைக்காதே. உங்க அக்காகிட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாளைக்குப் பத்து மணிக்கு நானே போன் பண்ணிச் சொல்லிக்கறேன்."

தங்கை இரண்டாவதை அடைகாக்கும் பெட்டியில் வைத்தாள். மற்றத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய், கால் மிதியை அழுத்தி, சிவப்புத் தொட்டிக்குள் போட்டாள். மூடி தானாக விழுந்து சாத்திக்கொண்டது.

மதியம் ஒரு மணிக்கு அத்தான் லிஃப்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவர் நிற்கும் இடம் அதுதான்.

"கதவு ரோலர் தேஞ்சுபோச்சு. கேக்குதா, கரக் கரக்குன்னு? இன்னும் ஒரு மாசம் தாங்காது," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன ஆச்சு?"

டாக்டரம்மா சொல்ல வேண்டாம் என்றது அக்காவிடம்தானே, அத்தானிடம் இல்லையே என்று தங்கை சமாதானம் செய்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அத்தான் கேட்டு முடித்ததும் லிஃப்ட் பட்டனை ஒரு தடவை அமுக்கினார். எங்கேயும் போகிற உத்தேசத்தில் இல்லை, கை சும்மா இருக்க மாட்டாமல் அமுக்கினார்.

"அவ எழுந்ததுலேர்ந்து மூணு மூணுன்னு அதே பேச்சு," என்றார். "பதினாறு வருஷத்துல அவளை நான் இப்படிப் பாத்ததில்ல. பசிக்குதுன்னு கேட்டா. அவளா கேட்டா."

"அத்தான்..."

"ஒண்ணு செய். மூணாவது கரு ஆயிடுச்சுன்னு சொல்லிடு. மூணு நாள் வளந்துச்சு, அப்புறம் நின்னுபோச்சுன்னு சொல்லிக்கலாம். அப்படித்தானே எத்தனையோ பேருக்கு ஆகுது? மூணு நாளாவது அம்மாவா இருந்துட்டுப் போகட்டும்."

"மேடம் நாளைக்குப் போன் பண்ணுவாங்க."

"அவங்க கால்ல விழுந்தாவது நான் பேசிக்கறேன்."

"பொய் அத்தான் அது."

அத்தானுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் தங்கைக்கு எளிதாக இருந்திருக்கும்.

"இருபது வருஷமா லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்களை வெளியே எடுக்கறேன்," என்றார். "உள்ளேருந்து கதவைத் தட்டுவாங்க. நான் கதவுல வாயை வச்சு, ரெண்டே நிமிஷம், வந்துட்டேன்னு சொல்வேன். ரெண்டு மணி நேரம் ஆகும்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் ரெண்டு நிமிஷம்னுதான் சொல்லணும். இல்லாட்டி உள்ளே இருக்கறவங்க மூச்சு முட்டியே போயிடுவாங்க."

"அவங்களை நீங்க கடைசியில வெளியே எடுத்துடறீங்களே அத்தான். அக்காவை யார் எடுக்கறது?"

லிஃப்ட் வந்து கரக்கென்று திறந்து, காத்திருந்து, ஆளில்லாமல் மூடிக்கொண்டு போனது.

போன வாரம் இந்த மனுஷரைத்தான் திட்டினீர்கள்.

இரண்டு மணிக்கு அவர் அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போனார். தங்கை மூன்று வேறு பேருடைய தட்டுகளைப் பார்த்தாள், படிவம் நிரப்பினாள், எதிலும் தவறு செய்யவில்லை. நான்கு மணிக்குக் கழிவு வண்டி வந்து சிவப்புத் தொட்டிகளை மாற்றிக்கொண்டு போன சத்தம் கேட்டது. ஐந்தரைக்கு வேலை முடிந்து கிளம்பினாள். சொல்வதா வேண்டாமா என்ற ஒரே கேள்வியை பஸ் நெடுக மென்றுகொண்டு வந்தாள். அக்கா வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்வரை விடை கிடைக்கவில்லை.

அக்கா படுத்திருக்கவில்லை. மேஜை முன்னால் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்து, அச்சகத்திலிருந்து வந்த தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனா காதில் செருகியிருந்தது.

"படுத்துக்கக் கூடாதா?" என்றாள் தங்கை.

"படுத்தா தூங்கிடுவேன். தூங்கினா இந்த நாள் முடிஞ்சுபோயிடும். உட்காரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

அத்தான் மூன்று டம்ளர் டீயோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். அக்கா தலைக்கு மேலாகத் தங்கையைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அரை மயக்கத்துல எல்லாம் காதுல விழுந்துச்சு," என்று அக்கா தொடங்கினாள். "நீ ஒண்ணுன்னே. ஏதோ டோக்கன் நம்பர் கூப்பிடற மாதிரி. ரெண்டுன்னே. அதுவும் அப்படித்தான், உப்பு சப்பு இல்லாம. சரி, இதுவும் போச்சுன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் மூணுன்னே பாரு! அப்படியே உன் குரல் மேலே ஏறிச்சுடி. சின்ன வயசுல பரீட்சை ரிசல்ட் பாத்துட்டுத் தெருமுனையிலேர்ந்தே கத்திக்கிட்டு ஓடி வருவியே, அதே குரல். அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"அக்கா..."

"இரு, முடிச்சுக்கறேன். அந்த ரெண்டும் போனா போகட்டும். மூணாவது நிக்கும். இருபது வருஷமா மத்தவங்க எழுத்துல பொய் எங்க இருக்கு, நிஜம் எங்க இருக்குன்னு பாத்துக்கிட்டு இருக்கேன். உன் குரல்ல எனக்குத் தெரியாதா? அந்த மூணாவதை மட்டும் பத்திரமாப் பாத்துக்கோ பொடிசு."

அக்கா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். இந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே மூன்று நாள் பொய் சொல்லலாம். நான்காவது நாள் இதே முகம் என்ன ஆகும்? அக்கா நம்புவது முட்டையைக்கூட இல்லை, தங்கையின் குரலை நம்புகிறாள் என்று தோன்றியபோது அவளுக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை.

"மூணு இல்லக்கா. ரெண்டுதான்."

அக்கா புரியாமல் பார்த்தாள்.

"மூணாவதுல முட்டை இல்ல. வெறும் பஞ்சு. பஞ்சு அவ்வளவு நல்லா இருந்துச்சா, உள்ளே பாக்காம கத்திட்டேன். மன்னிச்சுடுக்கா."

"மேடம் நாளைக்குத்தான் சரியாச் சொல்வாங்க," என்று அத்தான் குறுக்கே வந்தார். "இவ ஏதோ அவசரப்பட்டு..."

"நீங்க சும்மா இருங்க," என்றாள் அக்கா. குரல் ஏறவில்லை. காதிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, மறுபடியும் மூடினாள். "அப்போ மூணு, அச்சுப்பிழை."

"ஆமாக்கா. என் பிழை."

"ஒண்ணாவது?"

"கெட்டுப்போச்சு."

"ரெண்டாவது?"

"பழுக்கல. நாளைக்குக் காலை வரைக்கும் வச்சிருக்கோம். பழுத்தா ஊசி போடலாம். ஆனா நம்பாதேக்கா. நூத்துல ஒண்ணுகூட இல்ல."

அத்தான் டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அக்கா அழுவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் அழவில்லை. மேஜையில் இருந்த தாளை நேராக்கினாள். ஏற்கனவே நேராகத்தான் இருந்தது.

"ரெண்டாவதைச் சுத்தி பஞ்சு இருக்கா?"

"எடுத்தாச்சுக்கா. எடுத்தாத்தான் பாக்க முடியும்."

"அப்போ விடியற வரைக்கும் தனியாத்தான் கிடக்கணுமா?"

தங்கை தலையசைத்தாள்.

"அந்த மூணாவது பஞ்சு," என்று அக்கா நிறுத்தினாள். வார்த்தையைத் தேடுகிறவளாகத் தெரியவில்லை, வயிற்றில் ஊசி குத்திய இடம் வலித்திருக்க வேண்டும். கையை அங்கே வைத்துக்கொண்டாள். "அது யாரைச் சுத்தி நின்னுச்சு?"

"யாரையும் இல்லக்கா. சுவத்துலேர்ந்து பிஞ்சு வந்தது."

"யாருமே இல்லாமலா அவ்வளவு அழகா இருந்துச்சு?"

ஒன்பது வருஷப் படிப்பும் அனுபவமும் அந்த நாற்காலியில் ஊமையாக உட்கார்ந்திருந்தன. அக்காவின் கண் இப்போதுதான் நிறைந்தது, ஆனாலும் கீழே இறங்கவில்லை.

"சரி. நீ ஒண்ணு பண்ணு," என்றாள். "அதை எடுத்து ரெண்டாவதுக்குப் பக்கத்துல வச்சுடு. உதவுதோ உதவலையோ, நான் கேக்கல. துணைக்கு இருக்கட்டும். அதுவும் தனி, இதுவும் தனி. செய்வியா?"

மதியம் கால் மிதியை அழுத்திய அந்தக் கால் மேஜைக்கு அடியில் மரத்துப்போயிருந்தது. ஒரு உண்மை சொல்லும் தெம்புதான் அன்றைக்கு அவளுக்கு இருந்தது. அதைச் செலவழித்தாயிற்று.

"வச்சுடறேன்க்கா."

"இப்பவே போ. ராத்திரி சாப்பாட்டுக்குள்ள திரும்பிடலாம்."

டீ அப்படியே ஆறிக் கிடந்தது. தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அக்கா மறுபடியும் தாள்மீது குனிந்து, முதல் வரியிலிருந்து பேனாவால் தொட்டுத் தொட்டுப் படிக்க ஆரம்பித்தாள். தாளில் எதையும் திருத்தவில்லை.

அத்தான் லிஃப்ட்வரை கூடவே வந்தார். கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அதை அப்படிப் பக்கத்துல வச்சா, ஏதாவது நடக்குமா?"

"அந்தப் பஞ்சே இப்போ இல்ல அத்தான். மத்தியானமே குப்பையில போட்டுட்டேன். வண்டியும் வந்து எடுத்துக்கிட்டுப் போயிடுச்சு."

"அப்புறம் ஏன் வச்சுடறேன்னு சொன்னே?"

தங்கை உள்ளே போய்ச் சுவரோரமாக நின்றாள்.

"ரெண்டு நிமிஷம்னு சொல்லிட்டு வந்திருக்கேன் அத்தான்."

அவர் கையை எடுத்தார். கதவு மூடிக்கொண்டது. கீழே இறங்கியதும் அவள் தன் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. வைப்பதற்குக் கையில் ஒன்றுமில்லாமலே, ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸுக்காக நிறுத்தத்தில் போய் நின்றாள்.